உடம்பில் தங்கிய நெய்

முதல் அறிகுறி ஓர் எருமை.

ஒட்டன்சத்திரம் மாட்டுச் சந்தையை முடித்துக்கொண்டு நானும் இப்ராகிம் ராவுத்தரும் வண்டிப்பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தோம். இருவரும் மாட்டுத் தரகர்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடுப்பாதையில் படுத்திருந்த எருமைமேல் முட்டி, அதன் முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தேன். எருமை எழுந்திருக்கக்கூட இல்லை. ராவுத்தர் சிரித்து ஓய்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

"மாடு பாக்குறதே நம்ம தொழிலு. இம்புட்டுப் பெரிய எருமை கண்ணுல படலியா மாப்ள?"

"இருட்டிப்போச்சுல்ல மாமா."

"எங்கிட்டு இருட்டுச்சு? மேக்க பாரு, செவப்பே இன்னும் போகல."

மேற்கே பார்த்தேன். வானத்தின் சிவப்பு தெரிந்தது. தரையில் ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் இந்த நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். நடந்ததை வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. என் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "பெரிய மச்சானுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டாள். அவள் என் தாய்மாமன் மகள். எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் அவளுக்கும் தெரியும்.

பெரிய மச்சான் என்று அவள் சொன்னது என் அண்ணனை. அவருக்கு முதலில் இரவில் தடுமாற்றம் வந்தது. பிறகு பகலிலும். நாற்பதை எட்டுவதற்குள் சுவரைத் தடவி நடந்தார். காது மந்தமாகி, காலும் துவண்டு, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் அப்பாவும் தரகர்தான். கிழட்டு மாட்டை இளசு என்று சொல்லி விற்ற பாவம் பிள்ளைகள் கண்ணில் இறங்கியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதே தொழிலில் இருந்த எனக்கு அதை நம்பவும் பிடிக்கவில்லை, தள்ளிவிடவும் தைரியம் இல்லை.

மாலைக்கண் என்றால் எங்கள் பக்கத்தில் வைத்தியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. ஆட்டு ஈரலைத் தணலில் சுட்டுக் கொடுப்பார்கள். முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கிக் கொடுப்பார்கள். சுடுசோற்றில் குழி பறித்து, அது நிறைய நெய் ஊற்றுவார்கள். பொன்னுத்தாய் மூன்றையும் செய்தாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த பசு ஒன்று வீட்டில் இருந்தது. அதன் பாலில் ஒரு சொட்டு வெளியே விற்கவில்லை. எல்லாம் தயிராகி, வெண்ணெயாகி, உருக்கிய நெய்யாகி என் தட்டுக்கு வந்தது. உருக்கிய சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் புரட்டி, ஒட்டியிருந்த கசண்டோடு உருட்டி என் கையில் வைப்பாள். நீயும் சாப்பிடேன் என்றால், "எனக்குத்தேன் கண்ணு நல்லாத் தெரியுதே, உங்க மூஞ்சியத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்பாள்.

நெய் மணக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒருபோதும் மணந்ததில்லை. மல்லிகைப்பூவும் மணந்ததில்லை, மாட்டுத் தொழுவமும் மணந்ததில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பேன். "அந்த மூக்கக் கழட்டி ஆணியில மாட்டி வையிங்க, துண்டாவது தொங்கவிடலாம்" என்பாள். அது ஒரு நோய்க்குறி என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனேன். விட்டமின் குறைவு என்று மீன் எண்ணெய் கொடுத்தார். அதையும் குடித்தேன். அடுத்த சில வருஷங்களில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் நிற்பது தெரியாது. தோல் மீன் செதில்போல வறண்டு உரிந்தது. அதற்கும் நெய் தடவினாள். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு நடந்துவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய்த் தேடுவேன். நோய் ஏற ஏற அவள் நெய்யைக் கூட்டினாள். நெய் கூடக் கூட நோய் ஏறியது. இரண்டில் எது முந்தியது என்று யோசிக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

என் தொழிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். தரகரும் வாங்குபவரும் கைகளைச் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதில்தான் விலை இருக்கிறது. எந்த விரல், எத்தனை விரல், முழு விரலா பாதி விரலா என்பதைக் கை சொல்லும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே கண் மங்கிய பிறகும் நான் தொழிலை விடவில்லை. துண்டுக்குள் எல்லோருமே குருடர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் ராவுத்தரே ஒரு ஜோடிக் காளைக்கு என்னிடம் கை கொடுத்தார். விலையைப் பிடித்தார். நான் சரி என்று துண்டை எடுத்துவிட்டு மாட்டுக்காரரிடம் விலையைச் சொன்னேன். நான் சொன்னது அவர் பிடித்த விலை இல்லை. ராவுத்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தனியாகப் புளியமரத்தடிக்கு அழைத்துப் போய் எதிரே உட்காரவைத்தார். மறுபடி துண்டைப் போட்டார்.

"இப்ப எத்தன வெரலு பிடிச்சிருக்கேன்?"

"மூணு."

"நல்லா ரோசிச்சுச் சொல்லு."

"மூணுதேன் மாமா."

துண்டை விலக்கினார். அவர் என் கையைப் பிடிக்கவே இல்லை. என் உள்ளங்கை அவர் முழங்கால்மேல் சும்மா கிடந்தது. அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். "ஒனக்குக் கண்ணு மட்டும் போகல மாப்ள. நாளைக்கே மருதைக்குப் போறோம்" என்றார்.

பொன்னுத்தாயும் கூட வந்தாள். மதுரையில் எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. வெளிநாட்டில் கண் படிப்புப் படித்துத் திரும்பியவர். கண்ணில் மருந்து விட்டு, விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரையில் (கண்ணின் உள்ளே பின்சுவரில் இருக்கும், வெளிச்சத்தை வாங்கும் மெல்லிய சவ்வு) கறுப்புத் திட்டுகள் படிந்திருக்கின்றன, இது பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு, இதற்கு மருந்து இல்லை என்றார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். நான் எழுந்து செருப்பைத் தேடிக் காலால் துழாவினேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

உட்காரச் சொன்னார். பாதத்தில் ஊசியால் குத்தினார், தெரியவில்லை. பாதத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, நாலாவது விரல் பிறவியிலேயே குட்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைத் தடவித் தோலைப் பார்த்தார். பிறகு தன் கொண்டையிலிருந்து பூவை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "வாசம் தெரியுதா?" என்றார்.

"அவுகளுக்கு எந்த வாசமும் தெரியாதும்மா. அது நோவு இல்ல, அவுக அப்படித்தேன்" என்று பொன்னுத்தாய் முந்திக்கொண்டு சொன்னாள்.

டாக்டரம்மா என் ரத்தத்தை எடுத்து, தான் படித்த ஆஸ்பத்திரிக்குக் கப்பல் கடந்து அனுப்பினார். அந்த மாதிரிப் பரிசோதனை அப்போது இங்கே இல்லை. முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. அது அறுபதுகளின் பின்பாதி. இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தே அதிக காலம் ஆகவில்லை என்று அவர் சொன்னார். நோய்க்கு வெளிநாட்டார் ஒருவரின் பெயர். என் வாயில் அது இன்றுவரை நுழையவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆடு மாடு புல் தின்று அசைபோடும்போது, புல்லின் பச்சையிலிருந்து பைட்டானிக் அமிலம் (ஒருவகைக் கொழுப்பு அமிலம்) அதன் வயிற்றுக்குள் உண்டாகிறது. அது பாலின் கொழுப்பிலும் இறைச்சியின் கொழுப்பிலும் தங்குகிறது. நாம் சாப்பிட்டால் நம் உடம்பு அதை உடைத்து எரித்துவிடும். என் உடம்பில் அதை உடைக்கும் வகை பிறவியிலேயே இல்லை. அதனால் அது ரத்தத்திலும் நரம்பிலும் விழித்திரையிலும் வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்தே பிழைத்தவன் நான். அதன் வயிற்றுக்குள் எனக்கு என்ன தயாராகிறது என்று தெரியாமல் போயிற்று.

பரம்பரை என்பதையும் சொன்னார். என் அப்பா தன் அக்காள் மகளைக் கட்டியவர். இருவர் உடம்பிலும் அந்தக் குறையின் பாதி இருந்திருக்கிறது. பாதி இருப்பவருக்கு நோய் இல்லை. இரண்டு பாதியும் சேர்ந்த பிள்ளைக்குத்தான் நோய். அண்ணனுக்கும் எனக்கும் சேர்ந்துவிட்டது. பின்னால் எங்கள் மகளையும் சோதித்துப் பார்த்துவிட்டு அவளுக்கு இல்லை என்றார்கள். எங்கள் அப்பா எந்த மாட்டைப் பற்றிச் சொன்ன பொய்யும் இதற்குக் காரணம் இல்லை என்று தெரிந்ததில் என் மனம் லேசானது.

முடிவு வந்த அன்றே டாக்டரம்மா பொன்னுத்தாயைப் பார்த்து, "நெய், வெண்ணெய், பால், தயிர், ஆட்டுக்கறி, ஈரல், மீன் எண்ணெய், எதுவும் இனிமே கூடாதும்மா" என்றார். போன பார்வை திரும்பாது என்றும், மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். எனக்கு மிச்சமிருந்தது நேர் எதிரே ஒரு சிறிய ஜன்னல். அதுவும் மூடினால் அண்ணனைப்போலச் சுவரைத் தடவ வேண்டியதுதான்.

திரும்பும் பேருந்தில் பொன்னுத்தாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். செம்பட்டி வந்தது. பிறகு கேட்டாள்.

"ஏன் மச்சான், ஈரலும் சேத்தியா?"

"சேத்திதான்."

"முருங்கைக்கீரை?"

"கீரை இல்ல. அதுல விட்ட நெய்யி."

"சட்டிச் சோறு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப உங்க கண்ண நாந்தேன் பிடுங்கியிருக்கேன்."

"கிறுக்குப் புள்ள. அண்ணனுக்கு நீயா ஊத்துன? அவருக்கும் போகலியா?"

"அவுகளுக்கு அத்தை ஊத்துச்சு" என்றாள்.

அத்தை என்று அவள் சொன்னது என் அம்மாவை. அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அது சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு அவள்மேல் அன்றிருந்த பிரியம் அதற்கு முன் எந்த நாளிலும் இருந்ததில்லை.

பசுவை அவள் அப்பா வீட்டுக்கே ஓட்டிவிட்டாள். நெய்ச் சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். கடலை எண்ணெயில் சமைத்தாள். கோழி அசைபோடாத பிராணி என்பதால் அதற்குத் தடை இல்லை. அடுத்த முறை போனபோது கீரையையும் நிறுத்தச் சொன்ன டாக்டரம்மா, பிறகு கொஞ்சம் சாப்பிடலாம் என்று தளர்த்தினார். விசேஷ வீடுகளில்தான் சங்கடம். பந்தியில் பருப்புக்குமேல் நெய் ஊற்ற வருபவரிடம் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறைத்தால், ஏதோ மனத்தாங்கலில் மறுக்கிறேன் என்று வீட்டுக்காரர் முகம் சுருங்கும். ராவுத்தர் பக்கத்தில் இருந்தால், "அவனுக்கு நெய் ஆகாதப்பா, எருமை சாபம்" என்று சொல்லிச் சமாளிப்பார்.

இவையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொன்னுத்தாய் எனக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னை வாட்டியது. சமைத்து வைப்பாள், மகளைக் கூப்பிட்டுப் போடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். என் தட்டைத் தொடுவதற்கே அவளுக்குப் பயம். கேட்டால் வேலை இருக்கிறது என்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. உடம்பில் சேர்ந்ததுதானே நோய்? வயிற்றைக் காயப்போட்டால் சேர்ந்தது சீக்கிரம் கரைந்துவிடும். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கும் வயிற்று நோவுக்கும் லங்கணம் போடுவது வழக்கம்தானே. யாரிடமும் சொல்லாமல் ஆரம்பித்தேன். காலையில் நீராகாரம், இரவில் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர். நடுவில் பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். அப்படியும் குணமாகிக்கொண்டிருக்கிறேன் என்றே நம்பினேன்.

ஒரு காலையில் எழுந்து நின்றேன், கால் நிற்கவில்லை. காதுக்குள் ஓயாமல் வண்டு இரைந்தது. பட்டப்பகலில், வாசலில் நின்றவர் யார் என்று தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் அது பொன்னுத்தாய் என்று தெரிந்தது. ஜன்னல் மூடிவிட்டது என்று நினைத்தேன். ராவுத்தர் ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தார்.

டாக்டரம்மா நான் செய்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊசிவழியாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பிறகு கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பட்டினி கிடந்தா உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். உங்க கொழுப்புல என்ன இருக்கு? இத்தனை வருஷம் சாப்பிட்ட நெய்யெல்லாம் அதுல மூட்டை கட்டிக் கிடக்கு. அதை ஒரேயடியா அவிழ்த்து ரத்தத்துல கொட்டிட்டீங்க. தப்பு என்மேலதான். எதைச் சாப்பிடக்கூடாதுன்னு சொன்னேன், சாப்பிடாம இருக்கக்கூடாதுன்னு சொல்லலை."

பிறகு பொன்னுத்தாயிடம் திரும்பினார். "இவரை ஒரு வேளைகூடப் பசியோட விடாதீங்கம்மா. சோறு, பருப்பு, கிழங்கு, பழம், வெல்லம், வயிறாரப் போடுங்க. சேர்ந்தது மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணும். இவருக்கு மருந்து சோறுதான்."

"என் கையாலயா?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "பின்ன யார் கையால?" என்றார்.

பொன்னுத்தாய் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றை உருட்டி வாயில் கொடுத்தாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அவள் விரல் என் உதட்டில் பட்டது. விரலில் வராத உணர்வு உதட்டில் இருந்தது. நான் அழுதேன். "காரமா இருக்கா?" என்று கேட்டாள்.

இதே நோவு உள்ளவர்களுக்காக எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் வரும். இரண்டை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு வரும் சாதாரண மாலைக்கண் சத்துக் குறைவால் வருவது. அதற்குக் கீரையும் ஈரலும் நல்லது, என் கதையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பரம்பரையாகப் பார்வை போகும் எல்லோருக்கும் நெய் காரணம் என்றும் நினைக்காதீர்கள். அது மிகச் சிலருக்குத்தான். இரவில் கண் தெரியாமை, மணம் தெரியாமை, பாதம் மரத்தல், செதில் தோல் என்று இவை ஒரே ஆளிடம் கூடினால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூக்கைச் சாதாரணமாக விட்டதுபோல எதையும் விட்டுவிடாதீர்கள்.

மறு வருஷம் தோல் வழவழப்பானது. அதற்கு அடுத்த வருஷம், உச்சி வெயிலில் களத்து மேட்டில் நடந்தபோது உள்ளங்கால் சுட்டது. சுடுகிறது, சுடுகிறது என்று சிரித்துக்கொண்டே துள்ளியவனைக் களத்து வேலையாட்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காதின் இரைச்சல் அடங்கியது. மணம் வரவில்லை, வராது. ஜன்னல் முன்பைவிடச் சற்றுச் சிறியதாகி அப்படியே நின்றுவிட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்துவிட்டு, "அங்கேயே நிக்குது" என்கிறார். அதைக் கேட்பதற்காகவே மதுரைக்குப் போகிறேன்.

முன்பெல்லாம் போன வருஷம் என்பது போய்விட்ட ஒன்று. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. சேர்ந்தது முழுவதும் வெளியேற இன்னும் வருஷங்கள் ஆகுமாம். கல்யாணமான புதிதில் அவள் ஊற்றிய நெய்யும், மகள் பிறந்த வருஷத்து நெய்யும் இன்னும் எனக்குள் எங்கேயோ இருக்கின்றன. இன்றைக்கு எந்த வருஷத்து நெய் கரைகிறதோ என்று அவளைச் சீண்டுவேன். "கரையட்டும், கரையட்டும்" என்பாள். அவளுக்கு அது இன்னும் வேடிக்கை ஆகவில்லை.

என் ஜன்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் அடங்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்கலாம், அல்லது பரிமாறும் அவள் முகத்தைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து தெரியாது.

நேற்று மத்தியானம் கேட்டாள், "சோத்தப் பாத்துத் திங்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கீக. அதுலயா தொட்டுக்க வெஞ்சனம் இருக்கு?"

"தட்டு கைக்குத் தெரியுது புள்ள" என்றேன்.

அது நிஜம். விரலில் சோற்றின் சூடு தெரிந்தது, பருப்பின் குழைவு தெரிந்தது, ஓரத்தில் வைத்த கிழங்கு தெரிந்தது. அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டேன்.